எடுக்க ஆள் இருக்கணும்

"...ரிங் போகுதுப்பா, நான் இல்லேங்கல. நாலு நாளா நானும் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், ஜோரா போகுது. ஆனா எடுக்க ஆள் இல்லாத வீட்டுக்கு என்னை வழி சொல்லச் சொல்றியே, அது எந்த ஊரு நியாயம்?"

இதை அவள் சொன்னது, மேஜைக்கு எதிரே நின்ற எங்கள் முதலாளி பிரான்சிஸிடம். சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தாள். அவள் ரிசீவரை வைப்பதே தனி. தூங்கிப்போன குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி, சத்தம் வராமல் வைத்துவிட்டு, ஒரு நொடி கையை அதன்மேலேயே விட்டிருப்பாள்.

அதற்கு அடுத்து அவள் என்ன செய்தாள் என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன். ஆனால் ஆளைத் தெரியாதவர்களிடம் அதை நேராகச் சொன்னால், ஐம்பது தாண்டிய ஒரு பொம்பளையின் பிடிவாதம் என்றுதான் தோன்றும். அதனால் கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருகிறேன்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் பிரான்சிஸின் குடும்ப வீட்டில், மாடியில் ஒரு அறை. அதுதான் அலுவலகம். தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக பிரான்சிஸ் தமிழில் ஒரு வலைத்தளம் நடத்தினார். எங்கே தங்கலாம், எந்த மெஸ்ஸில் நம்ம ஊர்ச் சாப்பாடு கிடைக்கும், மெஜஸ்டிக்கில் இறங்கினால் எந்த பஸ், எந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லித்தருகிறார்கள், இப்படி. ஆரம்பித்த வருஷத்தில் நண்பர்களோடு சேர்ந்து உற்சாகமாக எழுதித் தள்ளியிருந்தார். நான்கைந்து வருஷத்தில் அந்தப் பதிவுகளெல்லாம் பழசாகிவிட்டன. தேடுபொறியில் தட்டினால் முதலில் வந்துகொண்டிருந்த எங்கள் தளம், கீழே கீழே போய் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. இரண்டாம் பக்கம் யார் பார்க்கிறார்கள்? வருகிறவர்கள் குறைந்தார்கள், விளம்பரம் குறைந்தது.

பழைய பதிவுகளைத் தூசி தட்டிப் புதுசாக்குவதற்குத்தான் எங்கள் இரண்டு பேரையும் பிரான்சிஸ் சேர்த்தார். நான் ஒக்கலிபுரத்தில் ஒரு அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்குத் தமிழ் டைப் அடித்துக்கொண்டிருந்தவள். படிப்பு பெரிதாக இல்லை; கம்ப்யூட்டர் நானே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டது. அவள் டெலிபோன் விசாரணையில் ஆபரேட்டராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவள். எங்களுக்கு முன்பே அங்கே நவீன் இருந்தான். தேடுபொறிக்கு என்ன பிடிக்கும், என்ன பிடிக்காது என்று புது மருமகளுக்கு மாமியார் குணத்தைச் சொல்லித் தருவதுபோல எங்களுக்குச் சொல்லித் தருவான். "அதுக்குப் பழசு ஆகாது மேடம். தலைப்புல இந்த வருஷத்தப் போடணும், மேலே புதுத் தேதி போடணும், ரெண்டு பாரா சேர்க்கணும். அவ்ளோதான். சிம்பிள்."

அவளுக்கு அது சிம்பிளாக இல்லை.

ஒன்று ஒன்பது ஏழு. அந்த நாளில் ஒருவருடைய டெலிபோன் நம்பர் வேண்டுமென்றால் அந்த எண்ணைச் சுழற்ற வேண்டும். அந்தப் பக்கம் ஒரு குரல் "ஹேளி", சொல்லுங்கள் என்று கன்னடத்தில் கேட்கும். பேரையும் தெருவையும் சொன்னால் நம்பரைச் சொல்லும். அந்தக் குரல்களில் ஒன்று இவளுடையது. தொண்ணூறுகள் முழுக்க இவள் அங்கே உட்கார்ந்திருந்தாள். எங்கள் தெருமுனைக் கடையிலிருந்து நானே எத்தனையோ தடவை அந்த நம்பருக்குப் பேசியிருக்கிறேன். அவளிடமே பேசியிருப்பேனோ என்னவோ. ஒருநாள் கேட்டேன். "நீ 'கொஞ்சம் இருங்க, பேனா இல்ல'ன்னு சொல்ற ஜாதியா? அப்படின்னா பேசியிருப்போம். பாதிப் பேரு அந்த ஜாதிதான்" என்றாள்.

நவீன் அவளுக்கு 'ஒன் நைன் செவன்' என்று பேர் வைத்தான். அவளுக்கு அதில் வருத்தமில்லை. அவளுடைய சொந்தப் பேரைவிட அது பொருத்தம் என்று நினைத்தாள் போலிருக்கிறது. ஆபரேட்டர்கள் தங்கள் பேரைச் சொல்லக் கூடாது என்று அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடாம். சிலர் நம்பரை வாங்கிக்கொண்டு, "உங்க பேரு என்ன மேடம், குரல் நல்லா இருக்கே" என்று வழிவார்களாம். "விசாரணை" என்று சொல்லி வைத்துவிடுவாளாம். "மத்தவங்க நம்பர்தாண்டி என் கையில. என் பேரும் குடுக்க மாட்டேன், என் நம்பரும் குடுக்க மாட்டேன்." இதை அவள் ஓய்வுக்குப் பிறகும் விடவில்லை. மகன் வாங்கிக் கொடுத்த செல்ஃபோன் ஒன்று கைக்குட்டையில் சுற்றி அவள் கைப்பையில் இருந்தது. அவள் பேச வேண்டுமென்றால் எடுப்பாள். அதன் நம்பர் பிரான்சிஸுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. மதியம் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவள் நான், எனக்கே தரவில்லை. அவள் அப்படி இருந்ததனால் நானும் இங்கே அவள் பேரைச் சொல்லவில்லை.

எந்த எண்ணைச் சொன்னாலும் இரண்டு தடவை சொல்வாள், இரண்டிரண்டு இலக்கமாக. பஸ் நம்பரையும் அப்படித்தான். காய்கறிக்காரனிடம் "கால் கிலோ, கால் கிலோ" என்பாள். அவன், "அரைக் கிலோவாம்மா?" என்பான்.

பழைய பதிவு ஒன்றை அவளிடம் கொடுத்தால் முதலில் அதில் நம்பர் இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால் டெலிபோனை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். எங்கள் பழைய பதிவுகளில் பல நம்பர்கள், நகரத்து எண்களுக்கு முன்னால் ஒரு இரண்டு சேர்ப்பதற்கு முந்தியவை. முன்னால் இரண்டைச் சேர்த்துச் சுழற்றிவிட்டு, முதுகை நிமிர்த்தி, தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி உட்காருவாள். அந்தப் பக்கம் எடுத்தால் அவள் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். சொந்தக்காரர் வீட்டில் பெண் பிறந்த சேதி வந்தமாதிரி இருக்கும். எடுக்கவில்லை என்றால் அந்தப் பதிவைத் தொடமாட்டாள். "நம்பர் சரியா இருந்தா போதாதுடி. எடுக்க ஆள் இருக்கணும்."

எனக்கு அது முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. நான் நாலு பதிவை முடிக்கிற நேரத்தில் அவள் ஒன்றை வைத்துக்கொண்டு யாரோ ஒரு தையல்காரருடைய கண் ஆபரேஷன் கதையைக் கேட்டுக்கொண்டிருப்பாள். பிரான்சிஸ் நல்ல மனுஷர், அதட்ட வராது. "மேடம், ப்ளீஸ், கொஞ்சம் வேகமா" என்பார். அவர் போனதும் அவள் என்னிடம் குனிந்து, "நல்ல பையன். அவசரம் மட்டும் இல்லேன்னா இன்னும் நல்ல பையன்" என்பாள்.

ஆனால் கல்யாணப் பத்திரிகை வேலை பார்த்த எனக்கு அவள் சொன்னது கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. அச்சகத்தில் மற்ற எழுத்தெல்லாம் எங்கள் பொறுப்பு. தேதி மட்டும் எங்கள் பொறுப்பு இல்லை. பெண் வீட்டார், பிள்ளை வீட்டார் இரண்டு பக்கமும் வந்து, தேதிமேல் விரல் வைத்துப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் மெஷினில் ஏறும். இதை அவளிடம் சொன்னபோது தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். "அதாண்டி! விரல் வெச்சுப் பாக்கணும். இவன் என்னடான்னா கல்யாணமே நடக்காத வீட்டுக்குத் தேதி போடுங்கறான்."

ஒக்கலிபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மெஸ். ஆம்பூர்க்காரர் ஒருவர் நடத்தினார். எங்கள் தளத்தில் அந்த மெஸ்ஸைப் பற்றி ஒரு பதிவு இருந்தது. 'சனிக்கிழமைகளில் கருவாட்டுக் குழம்பு உண்டு' என்று அதில் ஒரு வரி. அவள் சுழற்றினாள். மெஸ்காரர் எடுத்தார்.

"சனிக்கிழமை கருவாடு உண்டுதானேங்க?"

"அதெல்லாம் நிறுத்தி எத்தினி மாசம் ஆவுதும்மா. மாடி வீட்டுக்காரரு வாசன தாங்கலன்னு சத்தம் போடறாரு."

நானாக இருந்தால் அந்த வரியை அடித்துவிட்டு அடுத்த பதிவுக்குப் போயிருப்பேன். இவள், "மாடி வீட்டுக்காரர் நம்பர் சொல்லுங்க" என்றாள். அவரையும் கூப்பிட்டாள். கன்னடத்தில் ஆரம்பித்து, அவருடைய மூட்டுவலி, துமகூரில் இருக்கும் அவர் மகள், மகளுடைய மாமனார் குணம் எல்லாம் விசாரித்தாள். மனுஷர் சனிக்கிழமை தோறும் மகளைப் பார்க்கத் துமகூர் போகிறார் என்று தெரிந்தது. திரும்ப மெஸ்ஸுக்குப் போட்டாள். "சனிக்கிழமை அவரு காலையில கிளம்பினா சாயந்திரம்தான் வர்றாராம். அதுக்குள்ள தாளிச்சு, சாப்பிட்டு, கழுவி, சாம்பிராணி போட்டுடுங்க. அவரு சரின்னுட்டாரு."

பதிவில் ஒரு எழுத்து மாறவில்லை. தேதியை மட்டும் மாற்றினாள்.

நவீன் தலையில் கை வைத்துக்கொண்டான். "மேடம், போஸ்ட்ட மாத்தச் சொன்னா ஊரையே மாத்திட்டு வர்றீங்களே!"

"ஊரு மாறிச்சுன்னா போஸ்ட்டும் சரியாயிடுச்சுல்ல? அப்புறம் என்ன?"

அந்தச் சனிக்கிழமை என் வீட்டுக்காரர் தூக்குச் சட்டியில் அந்தக் குழம்பை வாங்கிவந்தார். அதனால் இதை நான் கேள்விப்பட்டதாகச் சொல்லவில்லை, சாப்பிட்டுச் சொல்கிறேன்.

இப்படிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறேனே தவிர, அவளோடு இருப்பது எப்போதும் சுகமாக இருந்தது என்று இல்லை. எனக்கு ஒருநாள் காய்ச்சல், வரவில்லை என்று சொல்லியனுப்பினேன். மதியம் வீட்டு டெலிபோன் அடித்தது. எடுத்தேன். "இருக்கியா? சரி" என்று வைத்துவிட்டாள். மறுபடி சாயந்திரம். "இருக்கியா? சரி." மறுநாள் வேலைக்குப் போனதும் சண்டை போட்டேன். "நான் பொய் சொல்லி லீவு போட்டேன்னு வேவு பாக்கறியா அக்கா?" அவள் முகம் சுண்டிப்போயிற்று. "ஐயோ, அதுக்கில்லடி" என்றாள். எதற்கு என்று சொல்லவில்லை. இரண்டு நாள் தனித்தனி டப்பாவில் சாப்பிட்டோம்.

வீட்டிலும் அவளுக்கு இதே கதைதான். மகன், மருமகள் எல்லோரிடமும் செல்ஃபோன். கூடத்து டெலிபோனை யாரும் மதிப்பதில்லை. "அது பாட்டுக்கு அடிக்குது. 'யாரோ ராங் நம்பரா இருக்கும், விடுங்கத்தே'ங்கறா மருமக. அடிக்கறத எப்படிடி விடறது? நீயே சொல்லு, விட முடியுமா?"

விட முடியாது என்று அவள் ஏன் நினைத்தாள் என்பதை, அந்தச் சண்டை ஆறின பிறகு ஒரு மதியம் கமலா ஆரஞ்சு உரித்துக்கொண்டே சொன்னாள். எதையோ கடையில் வாங்கின கதையைச் சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

தொண்ணூற்றியொன்று டிசம்பர். காவிரித் தகராறில் ஊர் பற்றிக்கொண்ட நாட்கள். நான் அப்போது ஒக்கலிபுரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு, எதிர் வீட்டுக் கன்னடக்கார அம்மா கொடுத்த மாவில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். இவள் வேலையில் இருந்தாள். வீட்டுக்குப் போக பஸ் இல்லை, அங்கேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். பக்கத்து நாற்காலி சரோஜம்மா, "கன்னடத்திலேயே பேசு, தமிழ் வாயில வரவே வேணாம். உனக்குத்தான் ஆபத்து" என்று இவள் நல்லதுக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

ஒரு ஆள் கூப்பிட்டாராம். மெதுவான குரல். தமிழில், வந்து கூட்டிக்கொண்டு போக ஆள் வேண்டும், மச்சான் வேலை செய்கிற மரக்கடை என்று ஒரு கடையின் நம்பர் கேட்டார். இவள் கன்னடத்தில் பதில் சொன்னாள். நம்பரைக் கன்னடத்திலேயே இரண்டு தடவை சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அதே குரல் மறுபடியும். இந்தத் தடவை அவரே தட்டுத்தடுமாறிக் கன்னடத்தில்: ரிங் போகிறது, யாரும் எடுக்கவில்லை, இது சரியான நம்பர்தானா?

"சரியான நம்பர்தான்னு சொன்னேன்" என்றாள் அவள். ஆரஞ்சின் வெள்ளை நாரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். "பொய் இல்லடி. சரியான நம்பர்தான் அது. கடையப் பூட்டிக்கிட்டு ஓசூர் பக்கம் போயிட்டாங்க, அது பின்னாடி தெரிஞ்சுது. சரியான நம்பர். மறுபடி கூப்பிடுவாருன்னு பாத்தேன். கூப்பிட்டா தமிழ்ல பேசிடணும், என்ன ஆனாலும் ஆவட்டும்னு இருந்தேன்."

"கூப்பிட்டாரா?"

சுளையை இரண்டாகப் பிட்டு எனக்குப் பாதி கொடுத்தாள். "இல்ல" என்றாள்.

அவருக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாமலும் இருந்திருக்கலாம். வேறு யாராவது வந்து கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். நான் அதைச் சொன்னேன். "இருக்கலாம்" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதன்பிறகு எனக்குக் காய்ச்சல் வந்தால் நானே மதியம் ஒரு தடவை கூப்பிட்டு, "இருக்கேன் அக்கா" என்று சொல்லிவிடுவேன்.

இப்போது விட்ட இடத்துக்கு வருகிறேன்.

எங்கள் தளத்தில் ஒரு பதிவுதான் மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சுமந்துகொண்டிருந்தது. ஹெப்பகோடியில் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றைப் பற்றியது. எலக்ட்ரானிக் சிட்டிக்குப் பக்கத்தில், கம்பெனி வேலைக்கு வருகிற பெண்களுக்கு வசதியான இடம்; கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், தர்மபுரிப் பக்கம் எந்தப் பெண்ணுக்கு அங்கே வேலை கிடைத்தாலும் அவள் அண்ணனோ மாமனோ பிரவுசிங் சென்டரில் அதைத்தான் தேடுவார்கள். முதலில் எங்கள் பக்கம் வரும். அச்செடுத்து மடித்து பையில் வைத்துக்கொண்டு கிளம்புவார்கள். அந்தப் பதிவும் இரண்டாம் பக்கத்துக்குச் சறுக்கிவிட்டது.

பிரான்சிஸ் சொல்லிவிட்டார். தீபாவளிக்குள் வருகிறவர்கள் எண்ணிக்கை ஏறவில்லை என்றால் தளத்தை மூடிவிட வேண்டியதுதான். அறையை வாடகைக்கு விடச் சொல்லி அவர் அண்ணன் நச்சரிக்கிறார். மூன்று பேருக்கும் வேலை போகும். எனக்கு அச்சகம் இருந்தது, நவீனுக்கு ஊரெல்லாம் கம்பெனி. அவளுக்குத்தான் இந்த அறையை விட்டால், அடிக்கிற டெலிபோனை எடுக்காத வீடு.

அந்தப் பதிவு அவள் கையில் இருந்தது. தேதியை மாற்றினால் போதும். நாலு நாளாக அந்த விடுதியின் நம்பரைச் சுழற்றுகிறாள். ரிங் போகிறது. யாரும் எடுக்கவில்லை. மாற்றமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறாள்.

"மேடம், ரிங் போகுதுன்னா கனெக்‌ஷன் இருக்கு. கனெக்‌ஷன் இருந்தா ஹாஸ்டல் இருக்கு. மத்தியானம் எல்லாரும் வேலைக்குப் போயிருப்பாங்க" என்றார் பிரான்சிஸ். அதற்குத்தான் அவள், எடுக்க ஆள் இல்லாத வீட்டுக்கு எப்படி வழி சொல்வது என்று கேட்டாள். ரிசீவரைத் தொட்டிலில் போட்டாள்.

அப்போது நவீன், கணினியிலிருந்து தலையைத் திருப்பாமலே, கன்னடம் கலந்த அவன் தமிழில், "மேடம், சும்னே டென்ஷன் ஆகாதீங்க. நான் முந்தாநாளே போட்டுட்டேன்" என்றான்.

"என்னத்தப் போட்டே?"

"தேதி. ஒரு சின்ன புரோகிராம். அந்தப் பக்கத்த யாரு என்னைக்குத் தொறந்தாலும் அன்னைக்குத் தேதி காட்டும். இனிமே அது பழசே ஆகாது. கொஞ்சம் அட்ஜஸ்ட் மாடி மேடம், உங்க வேலையும் சேர்த்துதான் காப்பாத்தறேன்."

அவன் சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. எங்கள் மூன்று பேருக்காகவும்தான் செய்தான். அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒரு படி மேலே ஏறியிருந்தது, அதையும் காட்டினான். பிரான்சிஸ் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. என் முகத்திலும் வந்திருக்கும், பொய் சொல்வானேன்.

அவள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"எங்க மேடம் போறீங்க?"

"எடுக்க ஆள் இருக்கான்னு பாக்க." பிறகு என்னைப் பார்த்து, "வர்றியாடி?" என்றாள்.

சிவாஜி நகரில் அத்திபெலே பஸ் பிடித்தோம். ஓசூர் ரோட்டில் மேம்பாலத்துக்குத் தூண் நட்டுக்கொண்டிருந்த காலம். பஸ் நகர்வதாக இல்லை. ஒரே தூசி. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருக்கிற அவளை நான் அதுவரை பார்த்ததில்லை. பாதி வழியில் மட்டும், "முந்தாநாளு போட்டிருக்கான். ரெண்டு நாள்ல எத்தன பேரு பாத்திருப்பாங்க?" என்றாள். என்னிடம் கேட்கிறாளா, தனக்குள் கேட்டுக்கொள்கிறாளா தெரியவில்லை.

ஹெப்பகோடியில் இறங்கி, பதிவில் போட்டிருந்த வழியே நடந்தோம். வழி சரியாக இருந்தது. கோயில் தாண்டி இடதுபக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில். மூன்று மாடிக் கட்டடம். விடுதியின் பலகை வெளிறிப்போய் அப்படியே இருந்தது. கீழே இரும்பு ஷட்டர் இறக்கிப் பூட்டியிருந்தது. ஜன்னல்களில் அட்டைப்பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருப்பது தெரிந்தது.

தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு டீக்கடை. கடைக்கார அம்மா எங்களைப் பார்த்ததும் நாங்கள் கேட்பதற்கு முன்பே, "ஹாஸ்டலாம்மா? அது மூடி ரெண்டு வருஷமாச்சு. இப்ப அட்டப்பெட்டி குடோன். லாரி வர்ற அன்னைக்குத்தான் தொறப்பாங்க" என்றாள். "இன்னா திடீர்னு கும்பலா வர்றீங்க? நேத்து ஒரு பொண்ணு அப்பாவோட வந்து திரும்பிப் போச்சு. இன்னைக்கு இது ஒண்ணு" என்று கண்ணால் காட்டினாள்.

கடை பெஞ்சின் ஓரத்தில் ஒரு பெண், பத்தொன்பது இருபது வயசு இருக்கும், ஒரு ரெக்ஸின் பையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். கையில் மடித்த காகிதம்.

என்கூட வந்தவள் போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எந்த ஊரும்மா?"

"திருப்பத்தூரு பக்கம். நாளைக்கு வேலைல சேரணுங்க. போன் பண்ணிப் பாத்தோம், ரிங் போச்சு, எடுக்கல. சரி வேலைக்குப் போயிருப்பாங்கன்னு அண்ணன் பஸ் ஏத்தி விட்டுட்டாரு." காகிதத்தைப் பிரித்துக் காட்டினாள். எங்கள் பக்கம்தான். எங்கள் தளத்தின் பேர் மேலேயே இருந்தது. "நேத்துத் தேதி போட்டிருக்குதேக்கா. நேத்து எழுதினவங்களுக்குத் தெரியாமயா இருக்கும்?"

நான் சாலையில் போகிற லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் எழுந்து கட்டடத்தின் பக்கம் போனாள். கைப்பையைத் திறந்து, கைக்குட்டையைப் பிரித்து, செல்ஃபோனை எடுத்துச் சுழற்றினாள். சுழற்றுவது என்றுதான் இன்னும் வருகிறது எனக்கு. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்த ஷட்டருக்கு உள்ளே, அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் எங்கோ, டெலிபோன் அடிக்க ஆரம்பித்தது. நல்ல கணீரென்ற மணி. அவள் காதில் ஃபோனை வைத்துக்கொண்டு, இன்னொரு கையை ஷட்டரில் வைத்துக்கொண்டு, அது அடித்து ஓயும்வரை நின்றாள்.

திரும்பி வந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது. டீக்கடை அம்மாவிடம் விசாரிக்க ஆரம்பித்தாள், பழைய வேகத்தில். இங்கே பெண்கள் தங்க வேறு எங்கே இடம்? பின்தெருவில் ரெட்டியார் வீட்டு மாடியில் நாலைந்து நர்ஸுப் பெண்கள் இருக்கிறார்கள், இன்னொரு கட்டில் போடலாம் என்றாள் அந்த அம்மா. அந்தப் பெண்ணை நாங்களே கூட்டிக்கொண்டு போனோம். அவள் அந்த வீட்டு அம்மாவோடு பேசினாள், குளியலறைத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள், நர்ஸுப் பெண்களில் ஒருத்தியை எழுப்பி இருட்டின பிறகு தெரு எப்படி என்று கேட்டாள். திருப்தியான பிறகுதான் ரெக்ஸின் பையை உள்ளே வைக்கவிட்டாள். மூன்று பேரும் கடைக்குத் திரும்பி டீ குடித்தோம்.

அந்தத் தீபாவளிக்கு எங்கள் அறை தப்பித்ததா என்று கேட்பீர்கள். தப்பித்தது. அடுத்த தீபாவளிக்குத் தப்பவில்லை. அதற்குள் அவளுக்கு அந்த அறை தேவைப்படவும் இல்லை. அதற்குக் காரணம், டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவள் செய்ததுதான்.

செல்ஃபோனில் அலுவலகத்தைக் கூப்பிட்டாள். நவீன் எடுத்தான்.

"நவீன், பேனா எடுத்துக்கோ. அந்த புரோகிராம எடுத்துடு. இன்னைக்குத் தேதி போடு, நெஜமான இன்னைக்கு. 'இந்த விடுதி மூடிவிட்டது'ன்னு மேலயே பெருசா போடு."

அந்தப் பக்கம் அவன் கத்தியது எனக்கே கேட்டது. "மூடிடுச்சுன்னு போட்டா அந்தப் பேஜுக்கு யாரு மேடம் வருவா?"

"வர்றவங்க எப்படியும் வருவாங்க. இதோ வந்து உக்காந்துட்டு டீ குடிக்குது ஒண்ணு. கீழ எழுது: 'ஹெப்பகோடியில் தங்க இடம் தேடுகிறவர்கள் கிளம்புவதற்கு முன்னால் கூப்பிடவும்.' எழுதினியா?"

"எந்த நம்பர் போடறது? அதான் எடுக்க மாட்டேங்கறாங்களே."

அந்தப் பெண் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் முதுகை நிமிர்த்தி, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். பிறகு நான் அதுவரை கேட்டிராத ஒரு எண்ணை, இரண்டிரண்டு இலக்கமாக, தமிழில், நிதானமாகச் சொன்னாள்.

அவன் எழுதிக்கொள்வதற்காகக் கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தடவை சொன்னாள்.